சுழியைப் பார்க்கிறோம், ஆற்றைப் பார்க்கிறதில்லை

2025 ஜனவரி 21 அன்று அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் பனி கொட்டியது. ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். மெக்சிக்கோ வளைகுடாவை ஒட்டின, சூறாவளிக்குப் பயந்து பழகின ஊர் அது. அந்த வளைகுடாக் கரையின் ஒரு பகுதிக்கு பனிப்புயல் எச்சரிக்கை விடப்பட்டது அதுவே முதல் தடவை. அதற்கு முதல் பல நாட்களாக வானிலைப் பைத்தியங்கள் கணினி வரைபடங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருமா, வராதா? இந்தத் தடவையாவது விழுமா? வெதுவெதுப்பான கரைகளில் இருக்கிற வானிலை ஆர்வலர்களுக்கு இது ஒரு தவம் மாதிரி. பத்துத் தடவை ஏமாத்தும், பதினோராம் தடவை வரும்.

மன்னாரில் பனி கொட்டாது. எங்களுக்குத் தெரிந்த பனி மாசிப்பனிதான். ஆனால் இந்தத் தவம் எங்களுக்கும் இருக்கு. ஐப்பசி பிறந்தால் போதும், வங்காள விரிகுடாவில் ஒரு சின்ன மேகக்கூட்டம் சுழலத் தொடங்கினவுடனே ஃபோனைத் தூக்குகிற ஒரு கூட்டம் நறுவிலிக்குளத்திலும் இருக்கு, வங்காலையிலும் இருக்கு, நானாட்டானிலும் இருக்கு. உயர்தரம் படிக்கிற பிள்ளை, ஆட்டோ ஓடுகிற அண்ணா, கடலுக்குப் போற மாமா எல்லாரும் அதில அடக்கம். "ஐரோப்பா மாடல் மன்னாருக்கால போகுது எண்டு காட்டுது", "இல்லையடா, அமெரிக்கன் மாடல் இப்ப முல்லைத்தீவுக்குத் திருப்பிட்டுது" என்று வட்ஸ்அப்பில் கதை ஓடும். எங்களுடைய பனி, சூறாவளி.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வேலையில்லாத பொடியங்கள், பீதி கிளப்பிறாங்கள் என்பார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. கடந்த பத்து வருசத்தில் தமிழ் இளைஞர்களிடம் வளர்ந்த பயனுள்ள பழக்கங்களில் இது ஒன்று என்றே நினைக்கிறேன். ஆனால் நாங்கள் பார்க்கிற பொருள் பிழை. கடலில் சுழலுகிற சுழியைப் பார்க்கிறோம். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரப்போகிற ஆற்றைப் பார்க்கிறதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் இந்தப் பழக்கம் வந்தது?

1964 டிசம்பர் 22 இரவு நடந்ததை மன்னார்க் கரையின் முதியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். திருகோணமலைப் பக்கத்தால் ஏறின சூறாவளி வன்னியைக் கடந்து பாக்கு நீரிணைக்கு வந்தது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கே போன ரயில், நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடு கடலில் போனது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் இருந்த கப்பல் போக்குவரத்தும் அதோடு முடிந்தது. அன்றைக்கு அந்தக் கரையில் இருந்த ஒரு மனிதருக்கு மேலே இருந்து பார்க்க எந்த வழியும் இல்லை. காற்றின் திசை, கடலின் நிறம், வயது போனவர்களின் அனுபவம், இவ்வளவுதான் கையில் இருந்தது.

இன்றைக்கு ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் என்ன இருக்கு என்று பாருங்கள். காலை 5.30 மணி நிலவரத்தை எடுத்து ஓடுகிற அமெரிக்க மாதிரியின் முடிவு 9, 10 மணிபோல வந்துவிடும். ஐரோப்பிய மையத்தினுடையது மதியமளவில் வரும். செய்மதிப் படம் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கப்படும். காரைக்காலில் இந்திய வானிலைத் துறை வைத்திருக்கிற ராடர் மன்னாரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 215 கிலோமீற்றர் தூரம். பாக்கு நீரிணையில் மழை வருகிறதை அதில் காணலாம். எல்லாம் இலவசம். 1964இல் ஒரு அரசாங்கத்திடம் கூட இல்லாதது இது.

இன்னொரு காரணம் மொழியும் அளவும். எங்கள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை வாசித்துப் பாருங்கள். "வடக்கு, வடமத்திய மாகாணங்களில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை" என்ற மாதிரி இருக்கும். பிழையான தகவல் இல்லை. ஆனால் நறுவிலிக்குளத்தில் இருக்கிற ஒரு விவசாயி அதை வைத்து என்ன முடிவு எடுக்கிறது? அந்த "சில இடங்களில்" அவருடைய வயல் இருக்கா, இல்லையா? அந்த இடைவெளியைத்தான் தனியாட்கள் நிரப்பினார்கள். தமிழ்நாட்டில் "தமிழ்நாடு வெதர்மேன்" பிரதீப் ஜோன். எங்கள் பக்கம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா. மாவட்டம் மாவட்டமாக, விளங்குகிற தமிழில், எப்ப தொடங்கும், எப்ப குறையும் என்று சொன்னார்கள். சனம் அங்கே போனது. போனதில் என்ன பிழை?

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது, எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தாலும் பிந்தித்தான் வந்தன என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி மலையகத்திலும் அதை அண்டிய மாவட்டங்களிலும். தன் மொழியில் ஒரு எச்சரிக்கையை விளங்கிக்கொள்கிறது உயிர் சம்பந்தப்பட்ட விசயம் என்று இதற்குப் பிறகும் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆகவே "உத்தியோகபூர்வ அறிவிப்பை மட்டும் நம்புங்கள், மற்றதைப் பகிராதீர்கள்" என்று சொல்லுகிறவர்களிடம் நான் கேட்கிறது ஒன்றுதான். அந்த அறிவிப்பு எனக்கு விளங்குகிற மொழியில், என் ஊர் அளவுக்கு இறங்கி, நேரத்துக்கு வரட்டும். அதுவரைக்கும் பொடியங்களைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, இப்ப எங்கள் பக்கத்துக் குறைக்கு வருவோம்.

முதலாவது, பெயர் மோகம். வங்காள விரிகுடாவில் ஒரு சுழற்சிக்குப் பெயர் கிடைக்க வேண்டுமென்றால் காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் அது வெறும் தாழமுக்கம் அல்லது ஆழ்ந்த தாழமுக்கம். எங்கள் குழுக்களில் கதை முழுக்க இந்தக் கோட்டைச் சுற்றித்தான் நடக்கும். "பெயர் வைக்கிறாங்களா?" "இல்லையாம், தாழமுக்கமாத்தான் நிக்குதாம்." "சீ, புஸ்ஸெண்டு போச்சு."

2024 நவம்பரை எடுங்கள். ஃபெங்கல் என்ற பெயர் கிடைக்கிறதுக்கு நவம்பர் 29 ஆனது. அதற்கு முதல் நாட்களில் அது இலங்கையின் கிழக்குக் கரையோரமாக ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. புயலாகுமா ஆகாதா என்று இந்தியாவிலும் இங்கேயும் ஒரே வாதம். ஆனால் நவம்பர் 26 அன்றே அம்பாறை மாவட்டம் காரைதீவுக்குப் பக்கத்தில், மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மத்ரசா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அன்றைக்கு அந்தச் சுழிக்குப் பெயரே இல்லை. பிள்ளைகளைக் கொன்றது காற்று இல்லை, தண்ணீர். தண்ணீருக்கு மணிக்கு 62 கிலோமீற்றர் என்ற கணக்குத் தெரியாது.

இரண்டாவது, மையப் புள்ளி மோகம். வரைபடத்தில் ஒரு கோடு வரும், அந்தக் கோட்டுக்குக் கீழே எந்த ஊர் இருக்கு என்று பார்ப்போம். கோடு எங்கள் ஊருக்கு மேலால் போனால் பரபரப்பு, தள்ளிப் போனால் நிம்மதி. சிலருக்கு உள்ளுக்குள்ள ஒரு ஏமாற்றமும் வரும். உண்மையைச் சொன்னால், பல நாள் காத்திருந்து பார்த்த ஒன்று வராமல் போகிறபோது மனசு அப்படித்தான் வேலை செய்யும். நியூ ஓர்லியன்ஸில் பனிக்குக் காத்திருந்தவர்களுக்கும் அதே மனசுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கோடு தள்ளிப் போச்சு என்றவுடனே ஃபோனை வைத்துவிட்டுப் போகிறோமே, அங்கேதான் பிரச்சினை.

புரெவியை நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வன்னியைக் குறுக்கறுத்து, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. மன்னாரின் வானிலை ஆர்வலர் எவருக்கும் அதைவிடக் கிட்ட ஒரு சுழி கிடைக்காது. பிறகு என்ன நடந்தது? இராமநாதபுரக் கரைக்குப் பக்கத்தில் கடலிலேயே ஒரு நாளுக்கு மேல அசையாமல் நின்று, அங்கேயே வலுவிழந்தது. ஆனால் மழை? மையத்திலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால், சிதம்பரம், கொள்ளிடம் பக்கத்தில் ஒரே நாளில் 30 சென்ரிமீற்றருக்கு மேல கொட்டியது. மையம் ஒரு இடத்தில், வெள்ளம் இன்னொரு இடத்தில். இந்தப் பக்கத்துச் சுழிகளுக்கு இது புதினமான பழக்கம் இல்லை.

கோட்டைப் பற்றி இன்னொன்று. மூன்று நாளுக்கு முதல் சொல்லுகிற பாதையில் 100 கிலோமீற்றருக்கு மேல் பிழை வருகிறது இன்றைக்கும் சாதாரணம். மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் நேர்கோட்டில் இருக்கிற தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படியென்றால், மூன்று நாளுக்கு முதல் "மன்னாருக்கால போகுது" என்கிறதும் "முல்லைத்தீவுக்கால போகுது" என்கிறதும் உண்மையில் ஒரே தகவல். ஐரோப்பிய மையம் ஒரே நேரத்தில் தொடக்க நிலவரத்தைச் சிறிது சிறிதாக மாற்றி 50 தடவை ஓடவிட்டுப் பார்க்கிறது இதற்காகத்தான். அந்த 50 கோடுகளும் ஒரே இடத்தில் குவிந்தால் நம்பலாம். விசிறி மாதிரி விரிந்தால், "இன்னும் தெரியாது" என்பதுதான் விடை. ஆனால் விசிறியை யாரும் ஸ்கிரீன்சொட் எடுத்து அனுப்புகிறதில்லை. அதில் கிக் இல்லை. பத்து நாளுக்குப் பிறகு மன்னாருக்கு மேல ஒரு சிவப்பு வட்டம் நிற்கிற ஒற்றைப் படம்தான் ஊரெல்லாம் சுற்றும். எந்த மாதிரி, எந்தத் தேதியில் ஓடினது என்று அதில் இருக்காது. அடுத்த ஓட்டத்தில் அந்த வட்டம் காணாமல் போயிருக்கும். படம் மட்டும் நாலு நாள் உயிரோடு திரியும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. ஆறு.

நறுவிலிக்குளம் என்ற பெயரைப் பாருங்கள். ஒரு மரம், ஒரு குளம். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களில் பாதி இப்படித்தான் குளத்தில் முடியும். இது தண்ணீரைத் தேக்கி வாழ்ந்த நிலம். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி எங்கள் தலைக்கு மேல பெய்த மழை இல்லை. அருவியாறு, சிங்களத்தில் மல்வத்து ஓயா, 160 கிலோமீற்றருக்கு மேல ஓடி வருகிறது. அனுராதபுரத்தைக் கடந்து, தந்திரிமலையைக் கடந்து, கடைசியில் மன்னார்க் கரையில் கடலில் விழுகிறது. வழியில் தேக்கத்தில் மறித்துத் திருப்பிவிடப்பட்ட தண்ணீர்தான் கட்டுக்கரைக் குளத்துக்குப் போய், நானாட்டான், முருங்கன் பக்கத்து வயல்களுக்கு வருகிறது. காலபோகம் விளைகிறது அந்தத் தண்ணீரில்தான். வெள்ளம் வருகிறதும் அதே வழியால்தான்.

டித்வா இதைத்தான் காட்டியது. அதன் மையம் கிழக்குப் பக்கத்தால் ஏறி வடக்கால வெளியேறியது. மன்னாருக்கு மேலால் போகவில்லை. கோட்டை மட்டும் பார்த்தவருக்கு மன்னார் தப்பிவிட்டது. ஆனால் வடமத்தியில் கொட்டின மழை ஆற்றுக்குள் இறங்கியது. அருவியாறு கரைபுரண்டது, மன்னார்ப் பெருநிலப்பரப்பில் ஊர்கள் தண்ணீருக்குள் போயின, வயல்கள் போயின, மேய்ச்சலில் நின்ற மாடுகள் கூட்டங்கூட்டமாகப் போயின. எங்கள் வானம் வெளிக்கிற நேரத்தில் ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம். இதை வெறும் கண்ணால் வானத்தைப் பார்க்கிறவரும் பிடிக்க மாட்டார், செயலியில் சுழியைப் பார்க்கிறவரும் பிடிக்க மாட்டார்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். ஃபெங்கல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கத்தில் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்ரிமீற்றருக்கு மேல மழை. எல்லாருடைய கண்ணும் அங்கே. சுழி நிலத்துக்குள் போய் வலுவிழந்ததும் பலருக்கு ஆட்டம் முடிந்தது. ஆனால் அது உள்நாட்டில் மலையடிவாரங்களில் மழையைக் கொட்டி, டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையைத் திறக்க வேண்டி வந்து, தென்பெண்ணை ஆறு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களுக்குள் புகுந்தது. புயல் "முடிந்த" பிறகு வந்த வெள்ளம் அது.

ஆக, எங்களுக்குத் தேவையானது குறைவாகப் பார்க்கிறது இல்லை. வேறு இடத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. நீர்ப்பாசனத் திணைக்களம் ஆறுகளின் நீர்மட்டத்தை வெளியிடுகிறது. மல்வத்து ஓயாவுக்குத் தந்திரிமலையில் ஒரு அளவுகோல் இருக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் எச்சரிக்கை மட்டம் எது, சிறு வெள்ளம் எது, பெரு வெள்ளம் எது என்று எண்களும் இருக்கு. ஐரோப்பிய மாதிரியின் படத்தைவிட இந்த ஒற்றை எண் நானாட்டான்காரருக்குப் பெறுமதியானது. ஏனென்றால் மாதிரி சொல்லுகிறது நடக்கக்கூடியது. தந்திரிமலையில் ஏறின தண்ணீர் ஏற்கனவே நடந்தது. அது கீழே வந்தே தீரும். எத்தனை மணித்தியாலத்தில் வரும் என்பதைத்தான் நாங்கள் கணக்கெடுத்து வைத்திருக்க வேண்டும்.

"அது பொறியியலாளர்கள் பார்க்கிற வேலை, நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஐந்து நாள் தூரத்தில் இருக்கிற சுழியின் பாதையைப் பற்றி இரவு ஒரு மணிவரைக்கும் வாதாடுகிற எங்களுக்கு, ஒரு ஆற்றின் மட்டத்தை மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுதி வைக்கிறது பெரிய விசயமா? இந்த மாரியில் தந்திரிமலையில் இவ்வளவு ஏறினது, எங்கள் பாலத்தில் இவ்வளவு மணித்தியாலம் கழித்து இவ்வளவு ஏறினது என்று ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினால், நாலு மாரியில் எங்கள் ஊருக்கென்று ஒரு எதிர்வுகூறல் கையில் இருக்கும். அதை நியூ ஓர்லியன்ஸில் இருக்கிறவனும் செய்து தர மாட்டான், கொழும்பில் இருக்கிறவனும் செய்து தர மாட்டான்.

கடற்கரையிலும் இதே மாதிரிதான். வங்காலையில் தொழில் செய்கிற மாமாவுக்கு வாடை எப்ப வலுக்கும், கச்சான் எப்ப திரும்பும் என்று ஒரு கணக்கு மனசில் இருக்கு. அவர் செயலியைப் பார்க்கிறதில்லை என்று அவரை விட்டுவிட்டு நாங்கள் தனியாக ஒரு குழு நடத்துகிறோம். காலையில் அவர் கண்ட காற்றையும் கடலையும் அதே குழுவில் ஒரு குரல்பதிவாகப் போடச் சொல்லுங்கள். செயலி சொன்னதும் அவர் கண்டதும் ஒத்துப் போகுதா என்று பார்க்கலாம். ஒத்துப் போகாத நாள்தான் நாங்கள் கவனமாக இருக்க வேண்டிய நாள்.

பகிர்கிறதிலும் இரண்டு சின்ன ஒழுங்குகள் வேண்டும். படம் போட்டால் எந்த மாதிரி, எந்தத் தேதி, எத்தனை மணி ஓட்டம் என்று எழுதிப் போடுங்கள். ஐந்து நாளுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோட்டைப் போடவே வேண்டாம். சுழி போன பிறகு, சொன்னது என்ன, நடந்தது என்ன என்று ஒரு பதிவு போடுங்கள். பலர் போடுவதில்லை. சரியாக வந்தால் பழைய பதிவைத் தூக்கிக் காட்டுவார்கள், பிழைத்தால் அடுத்த சுழிக்குப் போய்விடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு யாரை எவ்வளவு நம்பலாம் என்று தெரிய வேறு வழியில்லை.

கடைசியாக ஒன்று. இந்தக் குழுக்களில் இருக்கிற ஆட்களின் வீடுகள் பெரும்பாலும் சீமெந்து வீடுகள். ஃபோன் இருக்கு, டேட்டா இருக்கு, பவர் பேங்க் இருக்கு. சுழி வருகிறபோது பரபரப்பாக இருக்கக்கூடிய வசதி எங்களுக்கு இருக்கு. அதே ஊரில் ஆற்றோரம், குளத்துக்குக் கீழே, தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள் எந்தக் குழுவிலும் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது அவர்களிடம் போய்ச் சேரவில்லை என்றால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் விளையாட்டு. ஆகவே அடுத்த ஐப்பசிக்கு முதல் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குழுவில் உள்ள ஒவ்வொருவரும், ஃபோன் இல்லாத அல்லது வட்ஸ்அப் இல்லாத இரண்டு வீடுகளைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். தந்திரிமலையில் மட்டம் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால், ஸ்டேட்டஸ் போடுகிறதுக்கு முதல் அந்த இரண்டு வீட்டுக்கும் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு ஆறுதலாக ஃபோனை எடுத்து, சுழி எங்கால போகுது என்று பாருங்கள்.